மனைவியின் விண்ணப்பம் போகட்டும், உங்களுடையது நிற்கட்டும்

கேள்வி: நான் 2014இல் கனடா வந்து அகதிக் கோரிக்கை வைத்தேன். 2015இல் ஏற்றுக்கொண்டார்கள், 2017இல் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்தது. 2018இல் ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு எடுத்து, சென்னை போய்க் கலியாணம் செய்தேன். 2023 ஜனவரியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் என்று அறிந்து யாழ்ப்பாணம் போய் 24 நாள் நின்றேன். மனைவியும் 2019இல் ஊரில் பிறந்த மகளும் 2022 ஒக்டோபர் 10ஆம் திகதி ஸ்பொன்சரில் வந்து பிஆர் ஆனார்கள். 2024 ஜூலை 2ஆம் திகதி இருவரும் ஊருக்குப் போய் செப்டம்பர் 1ஆம் திகதி திரும்பினார்கள். மனைவி தமிழில் படித்தவர், ஆங்கிலப் பரீட்சை என்றாலே பயப்படுகிறார். மூவரும் ஒன்றாக சிற்றிசனுக்குப் போட இருக்கிறோம். எப்போது போடலாம்? யாழ்ப்பாணம் போனதை எழுதாதே, இந்தியா என்று போடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

— ஸ்காபரோ வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

மூன்று பேருக்கும் ஒரே விண்ணப்பம் வேண்டாம். மனைவியும் மகளும் சேர்ந்து போடட்டும். உங்களுடையதை, செசேஷன் (அகதிப் பாதுகாப்பை நிறுத்தும்) வழக்குகள் நடத்திய சட்டத்தரணி ஒருவர் உங்கள் கோப்பைப் பார்க்கும்வரை அனுப்பாதீர்கள். நண்பர்கள் சொன்ன யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் நாள் கணக்கைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறது. ஆனால் உங்களுக்கு நாள் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை 2018இல் எடுத்த கடவுச்சீட்டும் 2023 யாழ்ப்பாணப் பயணமும். அதை முதலில் பார்ப்போம்.

நீங்கள் பிஆர் ஆனவர் என்றாலும் சட்டத்தின் பார்வையில் இன்னமும் பாதுகாக்கப்பட்டவர், அதாவது அகதி. எந்த நாட்டுக்குப் பயந்து வந்தீர்களோ அந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களாக விரும்பி மறுபடி நாடினால், அகதிப் பாதுகாப்பை நிறுத்தும்படி அமைச்சர் கேட்கலாம். இதைத்தான் செசேஷன் என்கிறார்கள். குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் இதற்கு ஐந்து காரணங்கள் உண்டு. 2012 டிசம்பர் 15 வரை அகதிப் பாதுகாப்பு போனாலும் பிஆர் தப்பியது. அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் நான்கு காரணங்களில் ஒன்றால் பாதுகாப்பு நிறுத்தப்பட்டால் பிஆரும் கூடவே போய்விடும். ஐந்தாவது, நாட்டு நிலைமை மாறிவிட்டது என்பது. அதனால் நிறுத்தினால் மட்டும் பிஆர் நிற்கும். உங்கள் மேல் வழக்கு வந்தால் அது முதலாவது காரணத்தில்தான், அதாவது சொந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடினீர்கள் என்றுதான் வரும்.

வழக்கைக் கொண்டுவருவது எல்லைச் சேவை முகவரகம், சிபிஎஸ்ஏ. விசாரிப்பது குடிவரவு மற்றும் அகதிகள் சபை. இதற்குக் காலக்கெடு கிடையாது. பயணம் போய் எத்தனை வருடமானாலும் கேட்கலாம். தோற்றால் அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கேட்கலாம், அதற்கு 15 நாள்தான் அவகாசம். நாடுகடத்தல் ஆணை வரும். மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பிக்கவும், நாடுகடத்தலுக்கு முந்தைய ஆபத்து மதிப்பீடு கேட்கவும் 12 மாதத் தடை விழும்.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஊருக்குப் போய்வந்த பலர் ஒரு கேள்வியும் இல்லாமல் சிற்றிசன் ஆகியிருக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்வதும் உண்மை. ஆனால் யாருடைய கோப்பை எந்த அலுவலர் திறந்து என்ன பார்ப்பார் என்பதை நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது. குடியுரிமை விண்ணப்பம்தான் ஒருவர் தன் ஐந்து வருடப் பயணங்களைத் திகதி, இடம், காரணத்தோடு தானே வரிசையாக எழுதி, அந்தக் காலத்துக் கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களையும் கலர்ப் பிரதியாக இணைத்துக் கொடுக்கும் இடம். கட்டுநாயக்கா விமான நிலைய முத்திரை அந்தப் பக்கங்களில் இருக்கிறது. சிக்கல் தெரிந்தால் விண்ணப்பத்தைக் குடியுரிமைச் சட்டத்தின் 13.1 பிரிவின் கீழ் நிறுத்திவைத்துவிட்டு செசேஷன் வழக்கை முதலில் நடத்துவார்கள். அப்படிச் செய்யலாம் என்று 2017இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் யாழ்ப்பாணத்தை மறைத்தால் என்ன? செசேஷன் வழக்கில் வாதாட இடமுண்டு. பொய் எழுதி அகப்பட்டால் அந்த இடமும் போய்விடும். பொய்த்தகவல் கொடுத்தவருக்கு ஐந்து வருடம் குடியுரிமை கிடைக்காது. அது தனிக் குற்றமாகவும் வழக்குக்குப் போகலாம். குடியுரிமை கிடைத்த பிறகு தெரியவந்தால் அதையே பறிக்கலாம். கனடாவுக்குள் வந்த திகதிகள் சிபிஎஸ்ஏயிடம் இருக்கின்றன, குடியுரிமை அலுவலர் அதைக் கேட்டுப் பெறுவார். அதைவிட, மனைவியை ஸ்பொன்சர் செய்தபோது கலியாணத்துக்குச் சென்னை போன ஆதாரமாக உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டின் பிரதியை நீங்களே கொடுத்திருக்கலாம். அந்தக் கோப்பும் அவர்களிடம்தான் இருக்கிறது.

பயணம் ஐந்து வருடக் கணக்கைத் தாண்டும்வரை, 2028வரை, காத்திருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். பயணப் பட்டியலில் இருந்து விழும், உண்மைதான். ஆனால் அதே கடவுச்சீட்டு உங்களிடம் இருந்த காலம் ஐந்து வருடத்துக்குள் கொஞ்சம் வந்தாலும் எல்லாப் பக்கங்களும் போகும், முத்திரையும் சேர்ந்து போகும். பிஆர் அட்டை புதுப்பிக்கும் படிவமும் பயணங்களைக் கேட்கிறது. மறுபக்கம், குடியுரிமை கிடைத்துவிட்டால் செசேஷன் உங்களைத் தொடாது. போட்டாலும் ஆபத்து, போடாமல் இருந்தாலும் ஆபத்து முழுக்கப் போவதில்லை. இதில் எது குறைவு என்பதைக் கோப்பைப் பார்க்காமல் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் நம்பாதீர்கள்.

சட்டத்தரணியிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். முதலில் உங்கள் கோப்புகளை எடுங்கள். குடிவரவுத் திணைக்களமான ஐஆர்சிசி வைத்திருக்கும் குறிப்புகள், சிபிஎஸ்ஏயின் பயண வரலாறு, 2014இல் அகதிகள் சபைக்குக் கொடுத்த கோரிக்கைப் படிவமும் அதன் முடிவும். தகவல் அறியும் சட்டத்தில் கேட்டால் கட்டணம் 5 டொலர், தனியுரிமைச் சட்டத்தில் கேட்டால் கட்டணமில்லை. பதிலுக்குச் சட்டப்படி 30 நாள், நடைமுறையில் அதைவிட இழுபடுவதுண்டு.

2014 கோரிக்கைதான் அச்சாணி. அதில் யாருக்குப் பயம் என்று சொன்னீர்கள்? இராணுவம், பொலிஸ், புலனாய்வு என்று சொல்லியிருந்தால், அதே அரசின் கடவுச்சீட்டோடு அதே அரசின் குடிவரவுப் பீடத்தைக் கடந்து போனது உங்களுக்குப் பாதகம். ஒரு ஆயுதக் குழுவுக்கோ தனியாளுக்கோ பயந்து வந்தவர் என்றால் வாதம் வேறு. சொந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தாலே பாதுகாப்பை மறுபடி நாடினார் என்று ஊகிப்பார்கள், அதோடு அங்கே போனால் அந்த ஊகம் இன்னும் பலப்படும். அதை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. 2022இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று சொன்னது. போனால் அந்தஸ்து போகும் என்பது அவருக்கு உண்மையில் தெரியுமா, எதற்காகப் போனார், எத்தனை தரம், எவ்வளவு நாள், அங்கே ஒளித்து நின்றாரா வெளிப்படையாகத் திரிந்தாரா, ஆபத்து யாரால் என்பவை எல்லாம் அதில் அடங்கும்.

அதனால் ஆதாரமும் அந்தக் கேள்விகளுக்கே வேண்டும். அம்மாவை அனுமதித்த வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டை, அனுமதித்த திகதியோடு. உங்கள் விமானச் சீட்டை அந்தத் திகதிக்குப் பிறகுதான் எடுத்தீர்கள் என்று காட்டும் இரசீது. 24 நாளும் எந்த வீட்டில் நின்றீர்கள், கோயில் குளம் என்று போனீர்களா, படம் எடுத்து முகப்புத்தகத்தில் போட்டீர்களா? (போட்டிருந்தால் இப்போது அழிக்காதீர்கள், சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.) அம்மாவைப் பராமரிக்க அங்கே வேறு ஆள் இல்லை என்றால் அதைச் சகோதரர் யாராவது சத்தியக்கடதாசியில் சொல்லட்டும். சென்னைக் கலியாணத்துக்கு ஏன் அகதிப் பயண ஆவணம் எடுக்காமல் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தீர்கள் என்பதற்கும் பதில் தேவை. அகதிப் பயண ஆவணம் பற்றித் தெரியாது, யாரும் சொல்லவில்லை என்பதே உண்மையென்றால் அதுவே பதில். அழகுபடுத்த வேண்டாம்.

இதற்கிடையில் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்காதீர்கள், இலங்கைக்குப் போகாதீர்கள், துணைத் தூதரகத்தில் இரட்டைக் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்காதீர்கள். வேறு நாட்டுக்குப் போகவேண்டி வந்தால் அகதிப் பயண ஆவணம் எடுங்கள். அது இலங்கைப் பயணத்துக்குச் செல்லுபடியாகாது. உங்கள் நிலையில் அது நல்லதுதான். சிபிஎஸ்ஏயிடமிருந்து அழைப்போ விமான நிலையத்தில் கேள்வியோ வந்தால் பொய் சொல்ல வேண்டாம். சட்டத்தரணியோடு வருகிறேன் என்று சொல்லலாம். விமான நிலையத்தில் களைத்துப்போய்ச் சொன்ன இரண்டு வரியைக் குறிப்பெடுத்து விசாரணையில் வாசிப்பார்கள்.

சரி, மனைவிக்கும் மகளுக்கும் வருவோம். மனைவி அகதி அல்ல, ஸ்பொன்சரில் வந்தவர். அவர் ஊருக்குப் போனதில் செசேஷன் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் விண்ணப்பத்தோடு கட்டி அனுப்பினால் உங்கள் கோப்பு நிற்கும் நேரமெல்லாம் அவர்களுடையதும் நிற்கக்கூடும். பிரித்துப் போடச் சொல்வது இதற்காகவும்தான். மகளின் படிவத்தில் தந்தை என்று உங்கள் விபரம் வரும், உங்கள் பயண விபரம் வராது.

விண்ணப்பத் திகதிக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் உடலோடு இருந்திருக்கவேண்டும். நீங்கள் தந்த திகதிகளைப் போட்டுப் பார்த்தால்: 2022 ஒக்டோபர் 10ஐ முதல் நாளாக எண்ணினால், 2024 பெப்ரவரி 29ஐயும் சேர்த்து, 1,095ஆவது நாள் 2025 ஒக்டோபர் 8. புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே கணக்கு. எனவே ஜூலை 3 முதல் ஓகஸ்ட் 31 வரை 60 நாள்தான் கழியும். அதைக் கூட்டினால் டிசம்பர் 7 அன்று நிறைவு, டிசம்பர் 8 முதல் கையெழுத்து வைக்கலாம். ஆனால் ஒரு மாதம் பொறுங்கள். ஒரு திகதி ஒருநாள் பிசகினாலே 1,094 ஆகிவிடும், விண்ணப்பம் தள்ளுபடி. கட்டணத்தில் பரிசீலனைப் பகுதியும் திரும்பாது. எல்லைக்கு அப்பால் நயாகரா பக்கம் காலையில் போய் மாலையில் வந்திருந்தாலும் அதையும் எழுதவேண்டும். கழிவு பூச்சியம், ஆனால் எழுதாமல் விட்டால் எல்லைப் பதிவோடு பொருந்தாது.

கணக்குப் போடும் கருவியில் இடும் திகதியும் படிவத்தில் கையெழுத்திடும் திகதியும் ஒன்றாக இருக்கவேண்டும். கடதாசியில் அனுப்பினால் கையெழுத்து 90 நாளுக்கு மேல் பழசாகக் கூடாது. முன்கூட்டியே கையெழுத்து வைத்துவிட்டு நாள் வந்ததும் தபாலில் போடுவோம் என்று நினைத்தவர்களுக்கு அப்படியே திரும்பி வரும்.

அடிக்கடி பிழைக்கும் கேள்வி ஒன்று: கடந்த நாலு வருடத்தில் வேறு நாட்டில் தொடர்ந்து 183 நாள் அல்லது அதற்கு மேல் இருந்தீர்களா? மனைவி இரண்டு மாதம்தானே போனார் என்று ‘இல்லை’ போடுவார்கள். ஆனால் 2026 ஜனவரியில் விண்ணப்பித்தால் நாலு வருடம் 2022 ஜனவரியில் தொடங்கும். அப்போது அவர் ஊரில்தான் இருந்தார், ஒக்டோபர் வரை. எனவே ‘ஆம்’. பிஆராக வந்திறங்குவதற்கு உடனே முந்தைய காலம் என்பதால் பொலிஸ் நற்சான்றிதழ் தேவையில்லை. அந்தக் காரணத்தைப் பெட்டியில் எழுதிவிடுங்கள்.

வரிக் கணக்கு: ஐந்து வருடத்துக்குள் வரும் வரி ஆண்டுகளில் மூன்றுக்காவது, காட்டவேண்டிய கடமை இருந்தால் காட்டியிருக்கவேண்டும். பிள்ளைக்கான உதவித்தொகை எடுப்பதால் 2022, 2023, 2024 மூன்றையும் அவர் காட்டியிருப்பார். மதிப்பீட்டு அறிவித்தல்களை எடுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஆங்கிலப் பயத்துக்கு: 18 முதல் 54 வயதுக்காரர் கேட்டலிலும் பேசுவதிலும் சிஎல்பி 4, அதாவது கனேடிய மொழித்திறன் அளவுகோலில் 4ஆம் நிலை, காட்டவேண்டும். வாசிப்பும் எழுத்தும் இதில் கணக்கில்லை. பணம் கட்டிப் பரீட்சை எழுதுவதை விட, பிஆர்காரர்களுக்கு இலவசமான லிங்க் என்ற மொழி வகுப்பில் சேர்ந்து சிஎல்பி 4 சான்றிதழ் வாங்குவதே அவருக்கு ஏற்றது. மூன்று மாதம் கதைத்துப் பழகிய பிறகு பயமும் பாதி போகும், அலுவலர் நேரில் அழைத்தால் அதுவும் உதவும். பரீட்சைதான் எழுதுவதென்றால் கேட்டலும் பேச்சும் மட்டுமுள்ள செல்பிப் எல்எஸ், அல்லது ஐஇஎல்டிஎஸ் பொதுப் பிரிவில் கேட்டல் 4.5, பேச்சு 4.0. முன்பு எப்போதாவது எழுதிய முடிவு காலாவதியாகியிருந்தாலும் குடியுரிமைக்கு ஏற்பார்கள்.

அறிவுத் தேர்வில் 20 கேள்வி, 45 நிமிடம், 15 சரியாக வேண்டும். ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் மட்டும். ‘டிஸ்கவர் கனடா’ என்ற அரச கைநூலுக்கு வெளியே கேள்வி வராது. அதன் ஒலிவடிவத்தை வேலைக்குப் போகும் வழியில் கேட்பது மனைவிக்கு நல்லது. அழைப்பு வந்த 30 நாளுக்குள் வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம், மூன்று தரம் முயலலாம். கமெரா இடையிடையே படம் எடுக்கும். அறையில் நீங்கள் நின்று விடை சொல்லிக் கொடுக்கப் போகாதீர்கள்.

மகளுக்கு நாள் கணக்கும் தேர்வும் கிடையாது. தாயோடு ஒரே நேரத்தில் போட்டால் போதும். 14 வயதுக்குக் குறைந்தவர் என்பதால் சத்தியப்பிரமாணமும் கட்டாயமில்லை. பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் சத்தியக்கூற்றும் வேண்டும். இங்கே பெயரைக் கவனியுங்கள். ஊர்ப் பத்திரத்தில் தந்தை பெயர் முன்னுக்கு, பிஆர் அட்டையில் பின்னுக்கு என்று புரண்டிருக்கும். குடியுரிமைச் சான்றிதழ் குடிவரவுப் பதிவிலுள்ள பெயரில்தான் வரும். எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்தக் கேளுங்கள். சான்றிதழ் வந்தபிறகு திருத்துவது பெரும்பாடு.

கட்டணம்: 2025 மார்ச் 31இல் பெரியவருக்கு 649.75 டொலர் (பரிசீலனை 530, குடியுரிமைக் கட்டணம் 119.75), சிறுவருக்கு 100 என்று இருந்தது. இருவருக்கும் அப்போது 749.75. குடியுரிமைக் கட்டணம் மட்டும் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் திரும்பும். இந்தத் தொகை மாறக்கூடியது, கட்டும் அன்று தளத்தில் பாருங்கள்.

மனைவி கனேடியக் குடியுரிமை பெற்றதும் இலங்கைக் குடியுரிமை தானாகவே இழக்கப்படும். சீதனக் காணி அவர் பெயரில் இருந்தால், அதை வைத்திருக்கவும் பின்பு வேறு காணி வாங்கவும் யோசிக்கிறார் என்றால், சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம். அல்லது பிறகு மீளப்பெற விண்ணப்பிக்கலாம். இது அவருக்கு மட்டும். உங்களுக்கு ஏன் கூடாது என்று மேலே சொல்லியாயிற்று.

சத்தியப்பிரமாணத்தில் பிஆர் அட்டையைத் திரும்பக் கொடுக்கவேண்டும், இணையவழி என்றால் கமெராவின் முன் வெட்டச் சொல்வார்கள். அதன்பிறகு கனேடியக் கடவுச்சீட்டு கைக்கு வரும்வரை அவர்களிடம் பயண ஆவணம் எதுவும் இருக்காது. எனவே அந்த மாதங்களுக்கு விமானச் சீட்டு எடுக்கவேண்டாம். உங்கள் பிஆர் அட்டை முடியும் திகதியையும் இன்றே பாருங்கள். அது முடிவதற்கு ஒரு வருடத்துக்குள் என்றால், புதுப்பிப்புப் படிவத்தை நிரப்பமுன் அதையும் அதே சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.